கார் கதவில் துரு ஓட்டை: பட்டி ஏன் நிற்பதில்லை?

கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பட்டாணி அளவு உப்பலுக்குள் முனை பொசுக்கென்று இறங்கும். செதில் செதிலாகத் துரு உதிர்ந்து முடிந்தால் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் ஓட்டை. ஏனென்றால் அரிப்பு தொடங்கியது உள்பக்கத்தில். நாம் பார்ப்பது அதன் கடைசிக் கட்டம்.

கண்ணாடி ஓரமாக வழியும் மழைநீர் கதவுக்குள்ளேதான் இறங்குகிறது. அது வெளியேற அடியில் சின்ன வடிகால் துளைகள் உண்டு. மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்தால் ஈரச் சேறு தங்கிவிடும். சேற்றுக்கு அடியில் ஆக்ஸிஜன் குறைவு, சேற்றின் ஓரத்தில் அதிகம். இந்த வேறுபாடே தகட்டைக் குட்டி பேட்டரியாக்குகிறது: ஓரத்திலுள்ள ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, அவற்றைக் கொடுத்துக் கொடுத்தே அடியிலுள்ள இரும்பு கரைகிறது. கடலோர ஊர்களில் உப்பு இதை விரைவுபடுத்தும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். பெயிண்ட் உப்புவது அதனால்தான். தகட்டின் தடிமனோ சுமார் 0.7 மி.மீ.

சில பட்டறைகளில் ஓட்டைக்குள் எதையாவது திணித்து மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாலியெஸ்டர் பட்டியில் டால்க் தூள் நிறைய, ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்தே கிடந்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே கொப்புளம்.

முறையாகச் செய்வதென்றால், டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி உள்பக்கச் சேற்றைச் சுரண்டி எடுத்து உலரவிடுங்கள். ஓட்டையைச் சுற்றி 3–4 செ.மீ. வரை 80-ம் நம்பர் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். கம்பி பிரஷ் மட்டும் போதாது. குழிகளிலுள்ள துருவை அது மெருகேற்றிவிட்டுப் போகும். கரும்புள்ளிகள் மிஞ்சினால் பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கி பூசி, நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். அமிலம் தங்கினால் மேலே வரும் பூச்சு ஒழுங்காக இறுகாது. ஓட்டை விளிம்பைச் சுத்தியலால் 1–2 மி.மீ. உள்ளே தட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டு உள்பக்கத்திலிருந்துதான் விழ வேண்டும்: நெய்த கண்ணாடி நார்த் துணி இரண்டு அடுக்கு, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக. துணியை நனைத்து ஒட்டும் பிசினுக்கு எபாக்ஸி நல்லது, பாலியெஸ்டரைவிட இரும்பை இறுகப் பற்றும். ஆனால் நெய்யாத ஃபைபர் மேட்டை எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதன் நார்களைப் பிணைத்திருக்கும் பசை பொதுவாக பாலியெஸ்டர் பிசினில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது.

ஒரு நாள் இறுகியபின் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன்மேல் மெல்லிய பட்டி. 100 கிராம் பட்டிக்கு அதை இறுகவைக்கும் ஹார்டனர் 2 கிராம். கூடினால் பின்னாளில் பெயிண்டில் கறை எழும்பும், குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. மொத்தத் தடிமன் 3 மி.மீ. தாண்டக்கூடாது. 80, 180, 320 என்று காய்ந்த தாளாலேயே தேயுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பட்டி குடித்துக்கொள்ளும். பிறகு சர்ஃபேசர் (பரப்பைச் சமன்செய்யும் அடிப்பூச்சு), பெயிண்ட், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு). தேய்க்கும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் அதற்கேற்ற மாஸ்க் கட்டாயம்.

இந்த முறை கதவு, ஃபெண்டர் போன்ற தகடுகளுக்கு மட்டும். காரில் ஏறும் கதவுப் படிக்கு அடியிலுள்ள பெட்டிச் சட்டம், சஸ்பென்ஷன் பிடிப்பு, சீட் பெல்ட் போல்ட் பகுதி ஆகியவை பாரம் தாங்குபவை. அங்கே துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தே ஆக வேண்டும்.

டோர் பேடை மாட்டுவதற்கு முன் கண்ணாடி ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் உடனே சொட்ட வேண்டும். உலர்ந்தபின் உள்ளே கேவிட்டி வேக்ஸ் (உள்பக்க இடுக்குகளுக்கான துருத்தடுப்பு மெழுகு) அடித்து, அது உறைந்ததும் வடிகால் துளைகளைக் கம்பியால் மறுபடி குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வேக்ஸே அடைத்துக்கொள்ளும்.