பாஸ்க் கடற்கரையில் கார் ஓட்டப் போகிறீர்களா? முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்குப் பாஸ்க் கடற்கரைப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஸ்பெயினின் பில்பாவோவில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, கடலோரமாகவே ஓட்டிக்கொண்டு பிரான்ஸ் எல்லை தாண்டி பயோன் வரை போவது. கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு, வழியில் உள்ள கடலோர ஊரான சுமாயா என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியை. சுமாயாவின் பாறை அடுக்குகளைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் அந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏறிக் கிடந்தது. செங்குத்தான கரை மட்டும் தெரிந்தது. நடந்து பார்க்க வேண்டிய பாறைத் தளம் முழுவதும் தண்ணீருக்கடியில். மறுநாள் காலை காரை ஒப்படைத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். அவர் பாறையைத் தொடாமலேயே ஊர் திரும்பினார்.

தவறு என்னுடையது. வரைபடத்தைப் பார்த்துத் தூரம் கணக்கிட்டேன். கடலின் நேரத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பாஸ்க் கடற்கரைக்குத் திட்டம் கேட்டு யார் வந்தாலும், விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக நான் திறப்பது அந்த வாரத்தின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைத்தான்.

சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். கரையில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. அதனால் ஓதம் என்பது நமக்குப் பள்ளிப் பாடத்தில் படித்த சொல்லாகவே நின்றுவிடுகிறது. பாஸ்க் கரை அமைந்துள்ள பிஸ்கே விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஒரு கடற்கரையே காணாமல் போய்விடும். அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பிவரும். தாழ் ஓதம், அதாவது கடல் மிகவும் இறங்கியிருக்கும் நேரம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே ஒருவர் தம் பயணக் குறிப்பில் எழுதிய நேரம் உங்களுக்கு உதவாது. நீங்கள் போகும் தேதிக்கு உரிய நேரம்தான் கணக்கு.

சுமாயாவில் தாழ் ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள். சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும் மாறி மாறி, சரித்து வைத்த புத்தகத்தின் தாள்களைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தின் எல்லைக் கோடு இந்த அடுக்குகளில் பதிந்திருக்கிறது. முத்ரிக்கு, தேபா, சுமாயா ஆகிய மூன்று ஊர்களின் கரையும் சேர்ந்து யுனெஸ்கோவின் புவிப் பூங்காவாக இருக்கிறது. பாசி படிந்த பாறையில் செருப்பு வழுக்கும்; பிடிப்புள்ள ஷூ வேண்டும். கடல் திரும்ப ஏறத் தொடங்கியதும் படம் எடுத்தது போதும் என்று கரையேறிவிடுங்கள். செங்குத்துக் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் இல்லை.

இதற்கு நேர்மாறான இடமும் ஒன்று உண்டு. சான் செபாஸ்தியான் நகரின் மேற்கு முனையில், சிற்பி எதுவார்தோ சிய்யிதா 1970களில் பாறைகளில் பதித்த மூன்று இரும்புச் சிற்பங்களைப் பார்க்க எல்லோரும் போவார்கள். அங்கே உயர் ஓதத்தில் போங்கள். தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். அலை கீழே மோதும்போது அந்தத் துளைகள் வழியே காற்று சீறி வரும். கடல் கொந்தளிக்கும் நாளில் தண்ணீரும் பீறிடும். தாழ் ஓதத்தில் போனால் அவை வெறும் துளைகளாகத்தான் இருக்கும்.

அடுத்தது தூரம். பில்பாவோவிலிருந்து சான் செபாஸ்தியானுக்கு ஏபி-8 நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். சுங்கம் கட்டி ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். இதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒரே நாளில் ஆறு ஊர் பார்த்துவிடலாமே சார்" என்று கேட்கிறார்கள். கடலோரச் சாலை வேறு சாலை. பெர்மியோ, லெக்கெய்த்தியோ, ஒந்தாரோவா, முத்ரிக்கு என்று மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும். பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் வாந்தி மாத்திரை கைவசம் இருக்கட்டும். மலையும் மழையும் சேர்ந்த கரை என்பதால் மண்சரிவால் சாலைத் துண்டுகள் மூடப்படுவதும் உண்டு; கிளம்பும் காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் நான் எழுதிக் கொடுப்பதில்லை.

முழுக் கரையையும் ஓட்ட நேரம் இல்லாதவர்கள், சுமாயாவிலிருந்து கெத்தாரியா வழியாகச் சாராவுட்ஸ் வரையாவது என்-634 சாலையில் போங்கள். பத்துக் கிலோமீட்டர்தான். கெத்தாரியாவுக்கும் சாராவுட்ஸுக்கும் நடுவே சாலை கடல்சுவரின் மேலேயே ஓடுகிறது. பக்கத்திலேயே நடைபாதை இருப்பதால், ஒருவர் காரை ஓட்டிவர மற்றவர்கள் நடந்தே வந்துவிடலாம். மகெல்லன் வழியிலேயே இறந்தபின் உலகைச் சுற்றும் அந்த முதல் பயணத்தை 1522இல் முடித்துக் கப்பலைக் கரைசேர்த்த எல்கானோ, கெத்தாரியாக்காரர். ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகா 1895இல் பிறந்ததும் இதே சின்ன ஊரில்தான்.

நகரங்களுக்குள் காரே வேண்டாம். இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். பில்பாவோவில் இரண்டு நாள் தங்குகிறீர்கள் என்றால் அந்த இரண்டு நாளும் முடிந்தபின் காரை எடுங்கள். 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கும் பழைய நகருக்கும் நடந்தே போகலாம். 1893இல் கட்டிய விஸ்காயா பாலத்துக்கு மெட்ரோ போகிறது. இரும்புக் கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் பாலம் அது, இன்றும் ஓடுகிறது. சான் செபாஸ்தியானின் பழைய பகுதிச் சந்துகள் நடப்பவர்களுக்கே உரியவை. தெருவோரப் பார்க்கிங்குக்கு நேர வரம்பும் கட்டணமும் உண்டு. புகை அதிகம் விடும் பழைய வண்டிகளைக் கட்டுப்படுத்தும் குறைந்த உமிழ்வு மண்டல விதிகளும் குறுக்கிடலாம்; கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். காரை நிலத்தடிப் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் இரு நகரங்களிலும் அடுத்தடுத்து பெருவிழாக்கள் நடக்கும். அந்த வாரங்களில் அறையும் கிடைக்காது, பார்க்கிங்கும் கிடைக்காது. என் விருப்பம் ஜூன் அல்லது செப்டம்பர்.

பெர்மியோவுக்கு அருகே கஸ்தெலுகாச்சே என்ற பாறைத் தீவின் உச்சியில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. 241 படிகள் என்று எல்லோரும் சொல்வார்கள். காரை நிறுத்தும் இடத்திலிருந்து அந்தப் படிகளின் தொடக்கத்துக்கே செங்குத்தான இறக்கம் ஒன்று இருப்பதையும், திரும்பும்போது அதை ஏற வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலே உள்ள காட்சி முனையிலேயே உட்காரவையுங்கள். அங்கிருந்தும் தீவு நன்றாகத் தெரியும். கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் இணையத்தில் முன்பதிவு தேவை. அதற்குக் கட்டணம் இல்லை.

இனி காகிதங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்தியாவிலேயே, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் வாங்கிவிட வேண்டும், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருங்கள். கார் ஓட்டப்போகிறவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். கணவர் ஓட்ட, மனைவி கார்டில் முன்பணம் கட்ட முயன்று, கவுன்டரில் இரண்டு மணி நேரம் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குள் போவதை முன்பே சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்பெயினில் 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், அதுவும் பின் இருக்கையில். மடியில் உட்காரவைக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

வெயில் அடிக்கும் கோடை மதியத்தில் காற்று திடீரென வடமேற்குக்குத் திரும்பும். வெப்பநிலை சட்டென்று சரியும். கடல் கறுத்துக் கொந்தளிக்கும். இதைக் கலெர்னா என்கிறார்கள். 1878 ஏப்ரலில் அடித்த கலெர்னாவில் இந்தக் கரையையும் மேற்கே அடுத்துள்ள கந்தாப்ரியா கரையையும் சேர்ந்த மீனவர்கள் 322 பேர் இறந்தார்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறினால் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் விசில் அடித்தால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள்.

சைவர்களுக்கு ஒரு சொல்: காய்கறி சாலட் கேட்டாலும் மேலே டூனா மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். கெர்னிகா என்ற ஊரின் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி உப்புத் தூவித் தருவார்கள். காரமே இருக்காது, நம் ஆட்கள் தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறார்கள்.

போன கோடையில் ஒரு வயதான தம்பதியை லெக்கெய்த்தியோவில் இரண்டு இரவு தங்கவைத்தேன். ஊருக்கு எதிரே சான் நிக்கோலாஸ் என்ற குட்டித் தீவு. தாழ் ஓதத்தில் மட்டும் அதற்கு ஒரு கற்பாதை திறக்கும். காலை ஒன்பது மணிக்கே மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்களாம். முதலில் ஒரு கல் தெரிந்தது, அப்புறம் நாலைந்து, பதினோரு மணிக்குப் பாதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. கைகோத்து நடந்து போய், தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே திரும்பிவிட்டதாக அந்த அம்மா குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் அலை கல்லில் மோதும் சத்தம் கேட்டது.