உயில் எழுத வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது?

"உயில் எழுதிய வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்தது யார்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். கூண்டில் நின்ற சாட்சி வெள்ளந்தியாகச் சொன்னார்: "சின்ன மகன்தான் கொடுத்தார்." வீடு முழுவதும் அந்தச் சின்ன மகன் பெயருக்கே எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு பதிலால் மட்டும் வழக்கு சாய்ந்துவிடவில்லை. ஆனால் சாயத் தொடங்கியது அங்கேதான்.

உயிலால் பயன் பெறுகிறவரே அதை எழுதவைப்பதில் முன்நின்றால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் சுமை உயிலை முன்வைப்பவர் தலையில்தான் விழும். 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னதை இன்றும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்தாள்கின்றன. "ரிஜிஸ்டர் செய்த உயில்தானே சார்?" என்று கேட்பார்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, அதற்கு முத்திரைத் தீர்வையும் கிடையாது. பதிவு செய்வது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனாலும் சார்பதிவாளர் முத்திரை விழுந்துவிட்டது என்பதற்காகச் சந்தேகம் தானாக விலகிவிடாது.

ஆகவே வக்கீலைத் தேடுவதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் சொத்துக்கு உரியவரின் வேலை. பிள்ளைகள் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். அதோடு சரி.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உயில் வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்திப் பழகியவரிடம் போங்கள். எந்த இடத்தில் உயில் உடையும் என்பது அவருக்குத்தான் தெரியும். பத்திர எழுத்தர்கள் கிரயப் பத்திரத்தில் கைதேர்ந்தவர்கள். அவர்களில் பலர் உயிலையும் ஒரே அச்சில் வார்த்து, பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே ஒரு சோதனை இருக்கிறது: சொத்து உங்களுக்கு எப்படி வந்தது என்று வக்கீல் கேட்கிறாரா? மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்க்கிறாரா? பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். இஸ்லாமியராக இருந்தால், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. இதையெல்லாம் கேட்காமல் தட்டச்சுக்காரரைக் கூப்பிடுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சாட்சிகளைப் பற்றியும் அவர் பேச வேண்டும். குறைந்தது இரண்டு பேர். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது உங்கள் கையெழுத்துதான் என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் அவர்களில் ஒருவராவது நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும் என்பதால், உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயது நண்பரையே சாட்சியாகக் கூட்டிவருவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்!

இனி ஃபீஸ். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருபது லட்சம் வீட்டுக்கும் இரண்டு கோடி வீட்டுக்கும் உயில் எழுதும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆலோசனைக்கு எவ்வளவு, வரைவுக்கு எவ்வளவு, பதிவு அலுவலகத்துக்கு உடன் வர எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சொல்லத் தயங்குகிற வக்கீல்தான் வெட்கப்பட வேண்டும்.

சில காலத்துக்கு முன் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவை அவர் மகன் அழைத்துவந்தார். கையில் தயார் வரைவு. கேள்விகளுக்கெல்லாம் மகனே பதில் சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்கள் விருப்பம் என்னம்மா?" என்று கேட்டேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பின்கட்டு மகளுக்குப் போகட்டும் தம்பி" என்றார். மகன் கொண்டுவந்த வரைவில் மகள் பெயரே இல்லை.

"ஃபீஸை அவன் கொடுத்துவிடுவான்" என்றார் கிளம்பும்போது. பென்ஷன் கணக்கிலிருந்து அவரே கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மறுவாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் வந்து கொடுத்தார். ரசீதை அவர் பெயரிலேயே எழுதி, ஒரு நகலை என் கோப்பில் வைத்திருக்கிறேன்.