கேஸ்லைட்டிங்: விளக்கு மங்கியது நிஜம்தான்

இப்போது வரும் பெண்ணெழுத்து நாவல்களில், அதுவும் கணவன் கையே ஓங்காத குடும்ப வன்முறைக் கதைகளில், அடிக்கடி கண்ணில் படும் சொல் கேஸ்லைட்டிங், அதாவது ஒருவரைத் தன் கண்ணையும் ஞாபகத்தையுமே சந்தேகப்பட வைப்பது. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் காலை வாரிவிடும். ‘வாயுவிளக்கேற்றல்’ என்று போட்டால் படிப்பவருக்கு வாயுத்தொல்லைதான் ஞாபகம் வரும். ‘உளவியல் ரீதியான கையாளுகை’ என்று போட்டால் கதை நின்றுபோய் கருத்தரங்கு தொடங்கிவிடும். சரி, சொல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி விளக்கம் அது பிறந்த கதையில்தான் இருக்கிறது, அந்தக் கதையையே பலர் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-ல் லண்டனில் மேடையேறிய நாடகம் ‘கேஸ் லைட்’. 1940-ல் பிரிட்டனில் படமானது, 1944-ல் ஹாலிவுட்டில் மறுபடி படமானது. இரண்டாவதில் மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டு லண்டனில், கேஸ் விளக்கு எரியும் ஒரு வீட்டில். அந்த வீட்டில் முன்பு ஒரு பெண் கொலையாகியிருக்கிறாள், அவளுடைய நகைகள் இன்னும் உள்ளேதான் எங்கோ இருக்கின்றன. கணவன் தினமும் ராத்திரி வெளியே போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, சுற்றி வந்து, யாரும் புழங்காத மேல்மாடிக்குள் நுழைந்து நகையைத் தேடுவான். மனைவி எதையாவது கவனித்துவிட்டால்? கவனித்தாலும் யாரும் நம்பக் கூடாது, அவளே தன்னை நம்பக் கூடாது. அதற்குத்தான் சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, ‘நீதானே எடுத்தாய், யோசித்துப் பார்’ என்பான். தொலைந்துபோனதாக அவள் அழும் பொருளெல்லாம் அவன் எடுத்துவைத்தவைதான்.

இதில் விளக்கு எங்கே வருகிறது? கணவன் வேண்டுமென்றே விளக்கைக் குறைத்துவிட்டு ‘குறையவே இல்லையே’ என்று சாதிப்பான், அதனால்தான் இந்தப் பெயர் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மேல்மாடியில் தேட அவன் ஒரு விளக்கை ஏற்றுகிறான். ஒரே இணைப்பில் வரும் கேஸ் அங்கேயும் பிரிந்து போவதால் கீழே அவள் அறையில் சுடர் சிறுத்துவிடுகிறது, ஒரு குழாயைத் திறந்தால் இன்னொரு குழாயில் தண்ணீர் மெலிவது மாதிரி. அவன் திட்டத்திலேயே இல்லாத விஷயம் அது. துப்பறிய வந்தவர் அதே அறையில் நின்று, அதே சுடர் சிறுப்பதைப் பார்க்கிறார். அந்த இடத்தில்தான் அவளுக்குப் புத்தி கெடவில்லை என்பது உறுதியாகிறது. ஆக, விளக்கு அவனுடைய ஆயுதமே இல்லை. அவளுடைய சாட்சி. கொடுமைக்கு அதைக் காட்டிக்கொடுத்த தடயத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான், இதை விட்டுவிட்டு விளக்கம் எழுதினால் எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் படத்தின் பெயர் மெல்ல வினைச்சொல்லானது. 1969-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இரு மருத்துவர்கள் ‘கேஸ்லைட் நிகழ்வு’ என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நல்ல நிலையில் இருப்பவரை மனநோயாளி என்று காட்டி மருத்துவமனையில் தள்ளப் பார்த்த குடும்பங்களைப் பற்றியது. அதன்பின் ரொம்ப நாள் மனநல வட்டாரத்துக்குள்ளேயே கிடந்த சொல், அரசியல் பேச்சுக்குள் வந்தது, சமூக ஊடகத்துக்கு வந்தது, 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த வருடம் அவர்கள் தளத்தில் அதைத் தேடியவர்கள் 1740 சதவீதம் கூடியிருந்தார்களாம். புகழ் வந்ததும் பொருள் நீர்த்துப்போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், இப்போது ‘நீ சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை’ என்றால்கூட ‘என்னை கேஸ்லைட் பண்ணாதே’ என்கிறார்கள்.

எது கேஸ்லைட்டிங்? ஒரு சின்னக் காட்சியாகச் சொல்கிறேன். அவள் சாவியை வழக்கமான ஆணியில் மாட்டுகிறாள். காலையில் அது மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. அவன் கத்தவில்லை. சிரிக்கிறான். ‘போன வாரமும் இப்படித்தானே, விடு, உனக்குத் தூக்கம் போதவில்லை’ என்கிறான். நாலாவது தடவை தோளில் கைவைத்து, ‘ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாமா?’ என்று கேட்கிறான். அந்தக் குரலில் இருக்கும் கனிவுதான் விஷம். கத்தியிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். இப்போது அவள் செய்வது, ராத்திரி எழுந்துபோய் ஆணியைத் தொட்டுப் பார்ப்பது. மறுநாள் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பது.

பொய்யிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். பொய் சொல்பவனுக்கு ஒரு விஷயத்தை மறைத்தால் போதும், இவனுக்கு அவள் கண்ணும் ஞாபகமும் அவளுக்கே உதவாமல் போக வேண்டும். ஒருமுறை சொன்னால் நடக்காது, நாள்கணக்கில் ஊற வேண்டும், அவளைவிட ஏதோ ஒரு வகையில் பிடி அதிகமுள்ளவன் சொல்ல வேண்டும். வெறும் மறதியும் இதில் சேராது. நிஜமாகவே தான் அப்படிச் சொல்லவில்லை என்று நம்பிச் சண்டை போடுபவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

மூன்று திருடர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். ஆட்டைத் தோளில் சுமந்து போகிறவரிடம் ஒருவன் பின் ஒருவனாக வந்து, ‘ஏன் சாமி நாயைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்’ என்று கேட்கும் பஞ்சதந்திரக் கதை. கிட்டத்தட்ட கேஸ்லைட்டிங்தான். ஆனால் அவர் ஆட்டை இறக்கிவிட்டால் தப்பித்துப் போய்விடலாம். நாவலில் வரும் மனைவி எதை இறக்கிவைப்பாள்?

நாவலுக்கு வருவோம். முன்பெல்லாம் குடும்பக் கொடுமை என்றால் கதையில் காயம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள், நாமும் பார்ப்போம். இப்போது எழுதும் பெண்கள் பலர் கதையை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அவளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லாததால் நமக்கும் அவள்மேல் நம்பிக்கை வருவதில்லை. பாதிப் புத்தகம்வரை, ‘இவள்தான் கொஞ்சம் அப்படி இப்படியோ’ என்று நாமும் கணவன் பக்கம் சாய்ந்திருப்போம். பவுலா ஹாக்கின்ஸ் எழுதி 2015-ல் வந்த ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ இதற்கு நல்ல உதாரணம் (படிக்காதவர்கள் அடுத்த இரண்டு வாக்கியத்தைத் தாண்டிவிடுங்கள்). குடித்துவிட்டு நினைவு தப்பும் ராத்திரிகளில் தான் என்னென்னவோ அசிங்கம் செய்ததாக நாயகி வெட்கப்பட்டுச் சாகிறாள், அதெல்லாம் கணவன் சொல்லித் தெரிந்துகொண்டது. சொன்னவனே நினைவின் ஓட்டைகளைத் தனக்கு வேண்டியபடி நிரப்பியிருக்கிறான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. இந்த உத்தியில் எனக்கு ஒரு குறையும் உண்டு: சில எழுத்தாளர்கள் கடைசித் திருப்பத்துக்காகவே அந்தப் பெண்ணை நம் கண்ணில் பைத்தியமாக்கி வைத்திருப்பார்கள், அப்போது கணவன் செய்த வேலையைத்தானே எழுத்தாளரும் செய்கிறார் என்று தோன்றும். நன்றாக எழுதுபவர்கள் நடுவில் ஒரு விளக்கை மங்கவிட்டிருப்பார்கள். ஒரு டைரிக் குறிப்பு, தேதி பொருந்தாத ரசீது, அழிக்க மறந்த குறுஞ்செய்தி, இப்படி ஏதாவது ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது?

மூளைச்சலவை ஒத்துவராது. அது புதுக் கொள்கையை உள்ளே ஏற்றுவது, இது இருக்கும் நம்பிக்கையை உருவிவிடுவது. ‘பைத்தியக்காரப் பட்டம் கட்டுதல்’ பக்கத்தில் வருகிறது, லான்செட் கட்டுரைக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பட்டம் ஊரார் முன் கட்டுவது. இங்கே அவளே தனக்குக் கட்டிக்கொள்கிறாள். இளசுகள் சொல்லும் ‘உருட்டு’ நல்ல உயிருள்ள சொல். ஆனால் உருட்டுபவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உருட்டுகிறான், கேட்பவர் மதியைக் கலைப்பது அவன் வேலை இல்லை.

என் தேர்வு மருட்டல். மருள் என்றால் மயக்கம், ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் கலக்கம். ‘பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருளானாம்’ என்று 351ஆம் குறள் கிட்டத்தட்ட அகராதிப் பொருளே தந்துவிடுகிறது. அடுத்த குறளில் ‘இருள்நீங்கி’ என்பதும் ‘மருள்நீங்கி’ என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. மங்கும் விளக்கிலிருந்து பிறந்த சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்குமா என்ன? ஒரே சிக்கல், தனியாக மருட்டல் என்று எழுதினால் அவசரத்தில் மிரட்டல் என்று படித்துவிடுவார்கள், அகராதியிலும் மருட்டுவதற்கு அச்சுறுத்துவது என்றொரு பொருள் இருக்கத்தான் செய்கிறது. அதனால் கட்டுரையில் மதிமருட்டல் என்று எழுதுகிறேன். கதையில் வரும் உரையாடலுக்கு இது ஆகாது. எந்த மனைவியும் ‘என் கணவர் என்னை மதிமருட்டினார்’ என்று பேசமாட்டாள். ‘என்னையே என்னை நம்பாமப் பண்ணிட்டான்’ என்பாள், அதையே போட்டுவிட வேண்டியதுதான்.

மருட்டலைத் தேர்ந்ததில் இன்னொரு லாபம், மருளுக்கு எதிராகத் தெருள், அதாவது தெளிவு, இருக்கிறது. மருட்டினான், மருண்டாள், தெருண்டாள் என்று மூன்று வினையில் முழு நாவலும் அடங்கிவிடும். கேஸ்லைட்டிங்குக்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு எதிர்ச்சொல் கூடவே பிறக்கவில்லை. தமிழில் தெருட்டுதல் என்றே ஒரு வினை உண்டு, மயக்கம் தீர்த்துத் தெளிவிப்பது. 1938 நாடகத்தில் அந்த வேலையைச் செய்தவர் துப்பறிய வந்த ஆண். இப்போதைய நாவல்களில் அதைச் செய்வது பெரும்பாலும் இன்னொரு பெண், பல சமயம் அவனுடைய முந்தைய மனைவி. ‘உன் சாவி எதில் இருந்தது? எனக்கு அரிசிப் பானையில்’ என்று அவள் கேட்கும் இடத்தில் விளக்கு மங்கியது நிஜம்தான் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.