தைப்பூசம் முடிந்ததும் வரும் முழங்கால்கள்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் காரைக்குடியில் என் பிசியோதெரபி கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. எல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடந்து, முழங்கால் வீங்கி, குதிகால் ஊன்ற முடியாமல் வருவார்கள். பெரும்பாலும் 45-லிருந்து 55 வயதுக்குள். "இருபது வருஷமாப் போறேன் தம்பி, இந்த வருஷந்தான் இப்படி" என்று ரோட்டைக் குறை சொல்வார்கள், வெயிலைக் குறை சொல்வார்கள். மிச்சம் 51 வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

போன வருடம் வந்த ஒரு அண்ணனுக்கு 49 வயது, காலையிலிருந்து ராத்திரி வரை கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருங்கள் என்றேன். ஆறாவது தடவையிலேயே கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. பழனி வரை நடந்த மனிதர்! முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரையும், நடை மட்டும் அதைத் தடுக்காது. தொடை தாங்க வேண்டிய பாரத்தை முழங்கால் மூட்டு தாங்கிக் கொண்டிருக்கும். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்த அப்பத்தா காலத்தில் இதெல்லாம் இல்லை என்று சொல்வார்கள். இருந்தது, அவர்கள் யாரிடமும் காட்டவில்லை.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டாவதை யாரும் கேட்டதே இல்லை. ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாசற்படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவ்வளவுதான் அந்த அண்ணனுக்குக் கொடுத்தது. வலி குறைந்த பிறகு பத்துப் பத்தாக மூன்று சுற்று.

அப்புறம் சாப்பாடு. "கோழியை விட்டுட்டேன் தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். விட வேண்டியது அதையா? நாலு மணிக்கு இடைப்பலகாரமாக எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் என்று வைத்தாலும் 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 56 கிராம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். அதனால் எண்ணெய் குறைத்த கோழிக் குழம்பு திரும்பி வந்தது, அரிசி களைந்த தண்ணீரில் மொச்சை அள்ளிப் போட்டு வைக்கும் மண்டிக் குழம்பு வந்தது, சோறு பாதியானது, பணியாரம் விசேஷ நாளைக்கு ஒதுங்கியது. கவுனி அரிசி சத்தாச்சே என்று கேட்டார். அரிசி நல்ல அரிசிதான், அதன் தலையில் கொட்டும் சீனியையும் நெய்யையும் என்ன செய்வது?

இடுப்பை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் எல்லோரும் பாஸ். தொப்புளை ஒட்டி அளக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கால் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம், கொப்புளம் புண்ணாகிற வரை தெரியாது. நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் என்னிடம் வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

அந்த அண்ணன் ஐப்பசியில் வந்தார். நாற்காலியில் கை ஊன்றாமல் பதினைந்து தடவை எழுந்தார். ஆனால் எடை மூன்று கிலோதான் இறங்கியிருந்தது, பணியாரத்தை விட்டதற்கு இவ்வளவுதானா என்று என்னோடு சண்டை. டேப்பை எடுத்தேன். 102 இருந்த இடுப்பு 98.