கார்ட்டிசால்: ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று எழுதாதீர்கள்

கோவை, திருப்பூர்ப் பக்கம் கார்ட்டிசால் இரத்தப் பரிசோதனைக்கு ‘மன அழுத்த ஹார்மோன் டெஸ்ட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தவறான பெயர்; ஆபத்தான பெயரும்கூட.

லத்தீனில் ‘கார்ட்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளியடுக்கில் ஊறுவதால் கார்ட்டிசால். அந்த அடுக்குக்குத் தமிழில் புறணி என்ற சொல் உண்டு. பட்டை, மேல்தோல் என்று பொருள். சுரப்பிக்கு அண்ணீரகம்: தண் + நீர் தண்ணீர் ஆவதுபோல, அண் (அருகில்) + நீரகம் (சிறுநீரகம்).

இனி அந்த ‘மன அழுத்தம்’. உடல் மெலிந்து, தோல் கறுத்து, எழுந்து நின்றால் தலைசுற்றும் ஒருவருக்குக் காலை 8 மணி இரத்தத்தில் கார்ட்டிசால் 2 மைக்ரோகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) என்று வருகிறது. “அழுத்தம் கம்மியாத்தானுங்க இருக்குது” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். காலை அளவு 3க்குக் கீழே போனால் அண்ணீரகப் பற்றாக்குறை, அதாவது சுரப்பி போதிய கார்ட்டிசால் சுரக்காத நிலை, என்றே பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை தின்று சட்டென நிறுத்தியவருக்கும், சுரப்பி சோம்பிப்போயிருப்பதால், இதே கதி நேரலாம். இதில் மனசு எங்கே வந்தது? போதாததற்கு, டிப்ரஷனையும் மன அழுத்தம் என்றே எழுதுகிறார்கள்.

அட்ரீனலைச் ‘சிறுநீரகச் சுரப்பி’ என்பதும் உதவாது. “கிட்னி டெஸ்டுங்களா?” என்று கேட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவு) சரியாக இருக்கிறது, இது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் காலை மாதிரி என்றாலே ‘வெறும் வயிற்றில்’ என்று சேர்த்துவிடுகிறார்கள். இங்கே வயிறு முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். விழிக்கும் வேளையில் உச்சத்தில் இருக்கும் அளவு நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பனியன் கம்பெனியில் தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு இந்தச் சுழற்சியே இடம் மாறியிருக்கலாம். 8 மணிக்கு எடுத்ததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் தீர, 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச். (அண்ணீரகப் புறணியைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டு 30, 60 நிமிடங்களில் மறுபடி இரத்தம் எடுப்பார்கள். அதைத் ‘தூண்டல் சோதனை’ என்பது சரியான தமிழ்.

இன்சுலினைப் போலவே கார்ட்டிசாலும் பெயர் மாறாமல் இருக்கட்டும். விளக்கம் வேண்டுமென்றால் ‘அண்ணீரகப் புறணிச் சுரப்பு’. சீட்டில் ‘இரத்தக் கார்ட்டிசால், அண்ணீரகச் செயல்பாடு அறிய’ என்று எழுதி, இரத்தம் எடுத்த மணியையும் பக்கத்திலேயே குறியுங்கள்.