மலையைப் பார்க்கச் சுவரில் ஒரு துளை

"பிரான்சில் ஒரு கோட்டையின் சுவர்களை வரிசையாகத் துளைத்திருக்கிறார்களே, பீரங்கிக்கா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, தொலைநோக்கிக்கு.

ஸ்பெயின் எல்லையோரம், ஆந்தாய் என்ற ஊரில் அட்லாண்டிக் கடலைப் பார்த்து நிற்கிறது அபாதியா கோட்டை. எத்தியோப்பியாவில் பல ஆண்டுகள் அலைந்து நிலத்தை அளந்த அந்துவான் தபாதி கட்டிய வீடு. வடிவமைத்தவர், பாரிஸின் நோத்ரு தாம் தேவாலயத்தைப் புதுப்பித்த வியோலே-லெ-தூக். 1864இல் தொடங்கிய வேலை 1879இல் முடிந்தது. இடைக்காலப் பாணிக் கோபுரங்கள், வாசலில் கல் முதலைகள். உள்ளே வானாய்வகம்.

சரி, துளைக்கு வருவோம். தரையை ஒட்டிய காற்று அடர்த்தியானது, மேலே போகப் போக மெலிகிறது. அடர்ந்த காற்றில் ஒளியின் வேகம் துளி குறைவு. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் மணலில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும் இல்லையா? அப்படித்தான் ஒளியும் கீழ்ப்பக்கமாக மெல்ல வளைந்துகொண்டே வருகிறது. கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது. ஒளி கடைசியாக வந்த திசையிலேயே நேர்கோடு போட்டுப் பார்ப்பதால், பொருள் சற்று உயரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கடலைத் தொடும் அந்திச் சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருப்பதும் இதனால்தான்!

கோட்டையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் லா ரூன் மலை. சாதாரண நாளில் அதன் உச்சி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்ந்து தெரிய வேண்டும். வெயில் ஏறினால், பனி இறங்கினால் அந்த அளவு மாறும். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி, சுவர்த்துளைகள் வழியே உச்சியைக் குறிவைத்தார் தபாதி. வீடும் நகராது, மலையும் நகராது. உச்சி குறியிலிருந்து விலகினால் மாறியது காற்று மட்டுமே. எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் சோதனை தோற்றது. அவர் மறைக்கவில்லை. "எஸ் இகுசி, எஸ் இகாசி" என்று பாஸ்க் மொழியில் அங்கேயே பொறித்து வைத்தார்: பார்க்கவில்லை, கற்கவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் இப்படிப்பட்ட தோல்வி அறிக்கைக்கும் மதிப்புத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்தவர் அதே துளையை மறுபடி போட வேண்டாமே.

1895இல் கோட்டையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார், 5,00,000 விண்மீன்களின் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1975 வரை அங்கே விண்மீன்களின் இடத்தைக் குறித்தார்கள். ஒவ்வொன்றின் உயரத்திலும் காற்று கூட்டிக் காட்டியதைக் கழித்த பிறகுதான் எண் ஏட்டில் ஏறும்.