ஹிஸ்ரோன்: முளையும் தறியும்

கிரேக்க மொழியில் ‘ஹிஸ்தோஸ்’ என்றால் நிமிர்த்தி நட்ட ஒன்று. கப்பலில் நின்றால் அது பாய்மரம், வீட்டில் நின்று நூல் ஏறினால் நெசவுத்தறி. பிறகு அதில் நெய்த துணிக்கும் அதே பெயர் வந்தது. நம்முடைய ‘தறி’யும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. நட்ட முளையும் தறி, துணி நெய்வதும் தறி. ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும்’ என்பதில் வருவது மாடு கட்டும் முளையா, நெசவுத்தறியா என்று இன்னும் வாதாடுகிறோம்.

கலத்தின் கருவுக்குள் டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம் ஹிஸ்ரோன். அந்தப் பெயருக்கு அகராதிகள் காட்டும் வேர்களில் ஒன்று இந்த ஹிஸ்தோஸ். மற்றது ‘நிறுத்து’ என்று பொருள்படும் கிரேக்க வினை. எதை எடுத்தாலும் ‘நிற்றல்’ உள்ளே இருக்கிறது. பெயரை வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி அல்பிரெக்ட் கொசெல், ஆண்டு 1884. வாத்தின் செங்குருதிக் கலங்களிலிருந்து கருக்களைப் பிரித்து, ஐதான அமிலத்தால் இந்தப் புரதத்தை வெளியே எடுத்தார். நமது செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, பறவைக்கு உண்டு. அதனால்தான் வாத்து. 1910இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்ற சொல்லில் இப்படிச் சிக்கல் கிடையாது. குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல், அதை அப்படியே தமிழில் வைத்துக்கொண்டோம். சாயத்தை நன்றாக ஏற்றுக்கொண்டதால் குரோமற்றின் என்ற பெயரும் அதே நிறத்திலிருந்துதான் வந்தது. டிஎன்ஏயும் அதைத் தாங்கும் புரதங்களும் சேர்ந்ததே குரோமற்றின். அந்தப் புரதங்களில் முதன்மையானது ஹிஸ்ரோன்.

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பு எடுக்கும்போது இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று ‘தறிப் புரதம்’ என எழுதிப் போட்டேன். வேரும் பொருந்துகிறது, நூல் சுற்றும் வேலையும் பொருந்துகிறது என்று நினைத்தேன். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், அப்ப இது டிஎன்ஏயைத் தறிக்கிற புரதமோ?”

அவள் கேட்டது சரி. வன்னியில் காட்டைத் தறிப்போம், விறகு தறிப்போம். இங்கே தறி என்றதும் காதில் முதலில் விழுவது கோடரிச் சத்தம்தான். ஹிஸ்ரோன் செய்வதோ அதற்கு நேரெதிரான வேலை. 1973இல் எலியின் ஈரல் கலக் கருக்களில், டிஎன்ஏயை வெட்டும் நொதியம் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தார்கள். கண்ட இடத்தில் வெட்டவில்லை. டிஎன்ஏயை ஏணி என்றால் மூலச் சோடிகள் அதன் படிகள்; ஏறத்தாழ 200 மூலச் சோடிகளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கில் துண்டுகள் வந்தன. இடையில் ஏதோ ஒன்று டிஎன்ஏயை மூடிக் காத்தது. அடுத்த ஆண்டே அதன் அமைப்பு தெளிந்தது: H2A, H2B, H3, H4 என்ற நான்கு ஹிஸ்ரோன்களிலும் இரண்டிரண்டு, ஆக எட்டு சேர்ந்து ஒரு கட்டை. டிஎன்ஏ அதைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

அறுவடை முடிந்த வயலில் கட்டிய நாம்பன் கன்றைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கன்று முளையைச் சுற்றிச் சுற்றி மேயும். மத்தியானம் போய்ப் பார்த்தால் கயிறு முழுக்க முளையில் ஏறி, கன்று மூக்கு முட்ட நிற்கும். டிஎன்ஏ ஒரு கட்டையை 1.65 சுற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்தச் சுற்றில் 147 மூலச் சோடிகள் அடங்கும். பிறகு கொஞ்சம் வெறும் கயிறு, அப்புறம் அடுத்த முளை. கயிறு உள்ளே ஏறி வெளியே வரும் இடத்தை H1 என்ற ஐந்தாவது ஹிஸ்ரோன் பிடித்துக்கொள்கிறது. ஒரு மனிதக் கலத்தில் ஏறத்தாழ 2 மீற்றர் டிஎன்ஏ, ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாத கருவுக்குள் இருப்பது இப்படித் தொடங்கித்தான்.

இந்தக் கட்டில் முடிச்சு இல்லை, மின்னேற்றம்தான் பிடிக்கிறது. டிஎன்ஏயின் பொஸ்பேற்று முதுகெலும்பு எதிர் மின்னேற்றம் கொண்டது, தன்னைத்தானே தள்ளும். ஹிஸ்ரோனில் நிறைந்திருக்கும் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் நேர் மின்னேற்றம் கொண்டவை. அந்தத் தள்ளுதலை அவை அடக்கிவிடுகின்றன. கட்டையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்ரோன் வால்களின் லைசினில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டினால் அதன் நேர் மின்னேற்றம் போய்விடும், பிடி தளரும், மரபணுவை வாசிக்கும் பொறி உள்ளே வரலாம். ஆக இது என்றைக்குமான கட்டு அல்ல, வேண்டியபோது அவிழ்த்துவிடலாம். டிஎன்ஏ இழை அறுந்தால் அந்த இடத்தில் H2AX என்ற வகை ஹிஸ்ரோனில் ஒரு பொஸ்பேற்று ஏறி, பழுதுபார்க்கும் புரதங்களைக் கூப்பிடுகிறது. வெறும் கட்டை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராதது அதனால்தான்.

கன்று என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பட்டாணிச் செடியின் H4ஐயும் பசுக்கன்றின் H4ஐயும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 102 அமினோ அமிலங்களில் வேறுபட்டவை இரண்டே இரண்டு. கன்றையும் அது மேய்கிற செடியையும் கட்டியிருப்பது கிட்டத்தட்ட ஒரே முளை. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கும்.

அதனால் ‘கட்டுத்தறிப் புரதம்’ என்கிறேன். ‘கட்டு’ முன்னால் வந்துவிட்டால் கோடரி மறைந்துவிடும். பரீட்சையில் பிள்ளைகள் ஹிஸ்ரோன் என்றே எழுதட்டும். தமிழ்நாட்டுப் புத்தகம் படிப்பவர்கள் ஹிஸ்டோன் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். விளங்கப்படுத்தும் இடத்தில் மட்டும் கட்டுத்தறி வரட்டும்.

ஓரிடத்தில் அது செல்லாது. விந்தணுவில் ஹிஸ்ரோன்களில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, புரோட்டமின் என்ற சிறிய புரதம் டிஎன்ஏயை இன்னும் இறுக்கமாக மடித்து வைக்கிறது. கருக்கட்டல் நடந்ததும் புரோட்டமின் விலகும், முட்டையில் சேமித்திருக்கும் தாயின் ஹிஸ்ரோன்கள் அந்த இடத்துக்கு வந்து மறுபடி முளை அடிக்கும்.